நெஞ்செரிச்சலும் இரவுச் சாப்பாடும்

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் நெஞ்செரிச்சல். மேடை போட்டுப் பேசுகிற விஷயமா இது என்று யாராவது நினைத்தால் அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எந்த ஊர் மருந்துக் கடை வாசலிலும் கால் மணி நேரம் நின்று பாருங்கள். சீட்டு இல்லாமல் வந்து ‘ஒரு கேஸ் மாத்திரை குடுங்க’ என்று கேட்பவர்கள் எத்தனை பேர்! காய்ச்சலுக்குப் போனவரின் சீட்டிலும் அந்த மாத்திரை இருக்கிறது, பல்வலிக்குப் போனவரின் சீட்டிலும் இருக்கிறது. இத்தனை பேரை வருத்துகிற ஒன்றைப் பற்றி நமக்குத் தெரிந்தது என்ன? பாட்டி சொன்னது கொஞ்சம், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது கொஞ்சம், கைப்பேசியில் வந்தது மூட்டை மூட்டையாக. நெஞ்செரிச்சலுக்கு இயற்கை வைத்தியம் உண்டா என்று கேட்டால், உண்டு என்றுதான் சொல்வேன். ஆனால் அதில் அஞ்சறைப் பெட்டியின் பங்கு சிறியது. எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறோம், எவ்வளவு சாப்பிடுகிறோம், சாப்பிட்ட பிறகு உடம்பை எப்படிக் கிடத்துகிறோம் என்பவற்றின் பங்குதான் பெரியது. இதைத்தான் இன்று உங்கள் முன் வாதாடப் போகிறேன்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். நம் இரைப்பை ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் செரிமான நீரைச் சுரக்கிறது. அதிலிருக்கும் அமிலம் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் என்று லண்டன் மருத்துவர் வில்லியம் பிரவுட் 1824-இல் எழுதி வெளியிட்டார். இவ்வளவு கடுமையான அமிலம் வயிற்றுக்குள் எதற்கு? சாப்பாட்டோடு வரும் கிருமிகளைக் கொல்ல, புரதத்தை உடைக்க, இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள. ஆகவே அமிலம் நமக்கு எதிரி இல்லை. அதைத் தாங்கும் பூச்சு இரைப்பையின் உட்சுவரில் இருக்கிறது. உணவுக்குழாயில் அந்த அளவுக்கு இல்லை. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு தசைவளையம் இருக்கிறது. ஏரி மதகைப் போல, வேண்டும்போது திறந்து மற்ற நேரத்தில் மூடிக்கிடக்க வேண்டியது அது. அந்த வளையம் பலவீனமாகிவிட்டதால்தான் அமிலம் மேலே ஏறுகிறது என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியது. 1980-இல் ஜான் டென்ட் என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும், எந்த நோயும் இல்லாதவர்களின் உணவுக்குழாயில் மெல்லிய குழாயைச் செலுத்தி இரவெல்லாம் அளந்து பார்த்தார்கள். என்ன தெரிந்தது? நல்ல பலமுள்ள வளையமும் எதையும் விழுங்காத நேரத்தில் சில விநாடிகள் தானாகத் தளர்கிறது. அமிலம் ஏறுவது பெரும்பாலும் அந்த விநாடிகளில்தான். அப்படித் தளரச் சொல்லித் தூண்டுவது எது? வயிறு உப்பி விரிவது. எவ்வளவு நிறைய நிரப்புகிறோமோ அவ்வளவு அடிக்கடி அது தளர்கிறது. இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

ஆனால் நம் ஊரில் இந்தத் தொல்லைக்கு வைத்திருக்கும் பெயர் என்ன? ‘அல்சர்’. நெஞ்சு எரிந்தாலும் அல்சர், புளித்த ஏப்பம் வந்தாலும் அல்சர். அல்சர் என்பது இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ விழும் புண். நெஞ்செரிச்சல் வேறு, அது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டதால் வந்த வினை சாதாரணமானதல்ல. அல்சருக்கு ஒரு காலத்தில் சொன்ன பத்தியமெல்லாம் அப்படியே நெஞ்செரிச்சலுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. ‘வயிறு காலியாவே இருக்கக் கூடாது, எதையாவது போட்டுக்கிட்டே இரு’ என்கிறார்கள். ‘படுக்கப் போகும்போது ஒரு டம்ளர் பால் குடி’ என்கிறார்கள். இந்தப் பால் வைத்தியத்துக்கு அமெரிக்காவிலும் ஒரு வரலாறு உண்டு. சிகாகோவின் பெர்ட்ராம் சிப்பி என்ற மருத்துவர் 1915-இல் அல்சர் நோயாளிகளுக்கு மணிக்கு ஒரு தரம் பாலும் பாலாடையும், இடையிடையே அமிலத்தை முறிக்கும் பொடியும் கொடுக்கும் முறையைப் பரப்பினார். பல பத்தாண்டுகள் அதுவே உலகம் முழுக்கச் சிகிச்சையாக இருந்தது. 1976-இல் அளந்து பார்த்தபோது, பால் எந்த வடிவத்தில் குடித்தாலும் அமிலச் சுரப்பைக் கூட்டுகிறது என்று தெரிந்தது. பிறகு 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் அல்சருக்குப் பின்னால் ஒரு கிருமி இருப்பதைக் கண்டார்கள். 2005-இல் அதற்கு நோபல் பரிசும் வந்தது. அல்சருக்கே பால் மருந்தில்லை என்று ஆகிப் போன பிறகும் நெஞ்செரிச்சலுக்கு அதையே குடித்துக்கொண்டிருக்கிறோம். குடித்த கணத்தில் குளுகுளுவென்று இருப்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் படுக்கும் நேரத்தில் வயிற்றை நிரப்பி, அமிலத்தையும் சுரக்க வைத்துவிட்டு விளக்கை அணைப்பது எதிரியைக் கூப்பிட்டு விருந்து வைக்கும் வேலை.

சரி, நம் இரவு எப்படிப் போகிறது? காலையில் ஒரு காபியைக் குடித்துவிட்டு ஓட்டம். மதியம் டப்பாவில் கட்டிக்கொண்டு வந்தது, அதுவும் பாதி மிச்சம். கடையை மூடி, பஸ் பிடித்து, வீடு வந்து சேரும்போது மணி ஒன்பதரை. நாளெல்லாம் காய்ந்த வயிறு அப்போதுதான் முழுச் சாப்பாடு கேட்கிறது. நாலு பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை மிதக்க ஊற்றி, மேலே ஒரு ஆம்லெட்டும் ஆனால் மணி பத்தேகால். பதினோரு மணிக்குப் பாயை விரித்து மல்லாந்து படுத்தாயிற்று. ஒரு மணிக்குத் தொண்டை வரை புளித்துக்கொண்டு வந்து எழுப்புகிறது. எழுந்து உட்கார்ந்து, தண்ணீரைக் குடித்துவிட்டு, என்ன சொல்கிறோம்? ‘அந்த சால்னாவுல காரம் ஜாஸ்தி.’ சால்னாவின் மேல் பழி விழுகிறது, கடிகாரம் தப்பித்துக்கொள்கிறது. அதே பரோட்டாவை மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டிருந்தால்? நின்றுகொண்டும் நடந்துகொண்டும் இருக்கும்போது, ஏறிய அமிலத்தைப் பூமியின் ஈர்ப்பே கீழே இறக்கிவிடும். நிமிடத்துக்கு ஒரு தரமாவது எச்சில் விழுங்குகிறோம். எச்சில் காரத்தன்மை உள்ளது, மிச்ச அமிலத்தைக் கழுவிவிடும். தூக்கத்தில் எச்சில் சுரப்பு கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது, விழுங்குவதும் அரிதாகிவிடுகிறது. பகலில் நொடியில் இறங்கிப் போகும் அமிலம் இரவில் தங்கித் தங்கிச் சுடுவது அதனால்தான்.

இது வெறும் ஊகமா? ஜப்பானில் ஒசாகா நகர மருத்துவர்கள் 2005-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இந்த நோயுள்ள 147 பேரையும் நோயில்லாத 294 பேரையும் ஒப்பிட்டார்கள். சாப்பிட்டு மூன்று மணி நேரத்துக்குள் படுப்பவர்களுக்கு, நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ பொறுத்துப் படுப்பவர்களைவிட நோய் இருக்கும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் என்று கண்டார்கள். இங்கே ஒருவர் நியாயமாகவே மறுக்கலாம்: லேட்டாகச் சாப்பிடுகிறவர் வேறு விதத்திலும் ஒழுங்கில்லாமல் இருக்கலாமே, பழி நேரத்தின் மேல்தானா? நல்ல கேள்வி. அதற்கு விடை இன்னொரு ஆய்வில் இருக்கிறது. 2007-இல் அமெரிக்காவில், அதே ஆட்களுக்கு அதே உணவை ஒரு நாள் படுக்க ஆறு மணி நேரம் முன்பும் இன்னொரு நாள் இரண்டு மணி நேரம் முன்பும் கொடுத்து, உணவுக்குழாயில் அமிலத்தை அளந்தார்கள். ஆள் மாறவில்லை, சாப்பாடு மாறவில்லை, கடிகாரம் மட்டும் மாறியது. தாமதமாகச் சாப்பிட்ட இரவில் படுக்கையில் அமிலம் அதிகம் ஏறியது.

படுக்கும் விதமும் அப்படித்தான். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால், இரைப்பையின் பெரும்பகுதி தசைவளையத்துக்குக் கீழே தொங்கும். வலது பக்கம் படுத்தால் அமிலம் நேராக வாசலில் வந்து நிற்கும். 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் தூங்குகிறவர்களின் படுக்கை நிலையையும் அமில அளவையும் சேர்த்தே பதிவு செய்து பார்த்தார்கள். இடது பக்கம் படுத்திருந்த நேரங்களில் உணவுக்குழாய் விரைவாகச் சுத்தமானது. காசு செலவில்லாத வைத்தியம் இது. கட்டில் உள்ளவர்கள் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் கீழே அரை அடி, முக்கால் அடி உயரத்துக்குச் செங்கல்லோ மரக்கட்டையோ வைக்கலாம். கட்டில் இல்லாமல் பாயில் படுப்பவர்? ‘ரெண்டு தலகாணி வச்சுக்கிறேன்’ என்பார்கள். அது தப்பு. இரண்டு தலையணை வைத்தால் கழுத்து மட்டும் உயரும். உடம்பு இடுப்பில் மடங்கி வயிற்றை அழுத்தும். தொல்லை கூடத்தான் செய்யும். இடுப்புக்கு மேலே முழு முதுகும் சரிவாகக் கிடக்க வேண்டும். மெத்தைக் கடையில் சரிவுத் தலையணை செய்து தருகிறார்கள். பழைய போர்வைகளை முதுகுக்குக் கீழே படிப்படியாக மடித்து அடுக்கினாலும் வேலை நடக்கும்.

இப்போது உங்கள் மனத்தில் ஓடும் கேள்வி எனக்குத் தெரியும். அப்படியானால் காரம்? புளி? எண்ணெய்? காபி? இவையெல்லாம் குற்றவாளிகள் இல்லையா? 2006-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். உடல் எடையைக் குறைப்பதும் தலைமாட்டை உயர்த்துவதும் பயன் தருவதற்குச் சான்று இருந்தது. குறிப்பிட்ட ஓர் உணவை விட்டதால் நோய் தணிந்தது என்பதற்குச் சரியான சான்று கிடைக்கவில்லை. சான்று இல்லை என்றால் பயனே இல்லை என்று ஆகிவிடாது. அதைச் சரியாகச் சோதித்துப் பார்க்கவில்லை என்பதும் அதில் அடங்கும். ஏற்கெனவே புண்ணாகிச் சிவந்த உணவுக்குழாயில் மிளகாயும் புளியும் பட்டால் எரியத்தான் எரியும். எண்ணெய் சொட்டும் சாப்பாடு பலருக்கும் ஒத்துக்கொள்வதில்லை. அமெரிக்கச் செவிலியர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வில், காபி, டீ, சோடா பானங்களை நாளைக்கு இரண்டு கப்புக்குள் நிறுத்தியவர்களுக்குத் தொல்லை குறைவாக இருந்தது. ஆகவே ஒட்டுமொத்தமாகப் பத்தியம் போட்டு, ரசமும் இல்லாமல் மிளகாயும் இல்லாமல் தயிர்ச்சோற்றோடு ஆண்டுக்கணக்கில் வாழ வேண்டியதில்லை. எது உங்களுக்கு ஆகவில்லை என்று சந்தேகமோ அதை மட்டும் இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள், பிறகு திரும்பச் சேர்த்துப் பாருங்கள். சேர்த்ததும் எரிந்தால் அது உங்களுக்கு ஆகாது. எரியாவிட்டால் அடுத்த வீட்டுக்காரருக்கு ஆகாதது என்பதற்காக நீங்கள் ஏன் விட வேண்டும்?

இடுப்பு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. 2006-இல் அமெரிக்கச் செவிலியர்களைப் பற்றி வந்த இன்னொரு கட்டுரையில் ஒரு செய்தி இருந்தது: பருமன் என்று சொல்ல முடியாத, சரியான எடையில் இருந்த பெண்களுக்கும், எடை கூடக் கூட நெஞ்செரிச்சல் கூடியது. தொப்பை உள்ளே இருந்து இரைப்பையை மேல்நோக்கித் தள்ளுகிறது. வெளியே இருந்து அழுத்தினாலும் அதே கதைதான். கிளாஸ்கோவில் ஆரோக்கியமானவர்களின் இடுப்பில் இறுக்கமாகப் பட்டை கட்டிப் பார்த்தார்கள். தசைவளையம் மேலே தள்ளப்பட்டு, அமிலம் அதற்குள் ஏறியது. இங்கே இருக்கும் தாய்மார்களுக்கு விளக்க வேண்டியதில்லை, பாவாடை நாடாவின் தழும்பு எங்கே விழுகிறது என்று அவர்களுக்கே தெரியும். வேட்டிக்கு மேல் அங்குல அகலப் பெல்ட்டை இழுத்துக் கட்டுகிற ஆண்களுக்கும் இதே பேச்சுதான். சாப்பிட்ட பிறகாவது ஒரு சுற்று தளர்த்திவிடுங்கள்.

இனி அஞ்சறைப் பெட்டிக்கு வருகிறேன். இதற்காகவே காத்திருப்பவர்கள் உண்டு. பாட்டி வைத்தியத்தைக் கேலி செய்ய நான் வரவில்லை. அதே சமயம் பாட்டி சொன்னாள் என்பதற்காகவே ஒன்றை ஒப்புக்கொள்ளவும் வரவில்லை. நெல்லிக்காய்க்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது. ஈரானில் 68 பேரிடம் நான்கு வாரம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், நெல்லிக்காய் மாத்திரை எடுத்தவர்களுக்கு நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும் போலி மாத்திரை எடுத்தவர்களைவிட அதிகம் குறைந்தன. சிறிய ஆய்வுதான், ஆனாலும் ஒழுங்காகச் செய்தது. ரஷ்யாவில், நார்ச்சத்துக் குறைவாகச் சாப்பிட்டுப் பழகிய நோயாளிகளுக்கு இசப்கோல் உமியை வேளைக்கு ஐந்து கிராம் வீதம் மூன்று வேளை பத்து நாள் கொடுத்தபோது தொல்லை குறைந்தது. அதுவும் சிறிய ஆய்வுதான். கீரை, அவரை, கேழ்வரகு, சிறுதானியம் என்று நார் நிறைந்த சாப்பாட்டுக்கு நம் சமையலறையில் குறைவில்லை. இஞ்சியும் சுக்கும் வயிற்றிலிருந்து உணவைச் சற்று விரைவாகக் கீழே நகர்த்துகின்றன. அளவோடு எடுத்தால் நல்லது, மிஞ்சினால் அதுவே எரிக்கும். சீரகத் தண்ணீரும் நீர்மோரும் இதமாக இருந்தால் தாராளமாகக் குடியுங்கள், படுக்கும் நேரத்தில் மட்டும் வேண்டாம். ஆனால் அதிமதுரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நாட்டு மருந்துக் கடையில் எளிதாகக் கிடைக்கிறது, இனிப்பாகவும் இருக்கிறது. நாள்கணக்கில் எடுத்தால் ரத்த அழுத்தத்தைக் கூட்டும், உடம்பில் பொட்டாசியத்தைக் குறைக்கும். பிரஷர் உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது. சமையல் சோடாவும் அப்படித்தான்: ஒரு டீஸ்பூனில் சுமார் 1,250 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. நாள் முழுக்க 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும்போது, ஒரே மடக்கில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடுகிறது. சாப்பாட்டுக்குப் பின் ‘செரிக்கும்’ என்று வாங்கும் புதினா மாத்திரை மிட்டாய்? புதினா எண்ணெய் தசையைத் தளர்த்தும் குணமுள்ளது. நெஞ்செரிச்சல் அதன் பக்கவிளைவுகளில் ஒன்று. ‘இயற்கையானது’ என்ற ஒரே சொல்லை நம்பி எதையும் விழுங்கிவிடக் கூடாது. திருக்குறளில் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் இருக்கிறது அல்லவா? அதில் ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை. பாதிக்கு மேல் பேசுவது முன்பு தின்றது செரித்ததா, இப்போது தின்பது அளவானதா என்பதைத்தான். சித்த வைத்தியமும் மூலிகையும் தழைத்த நாட்டில், மருந்தைப் பற்றி எழுத உட்கார்ந்தவர் வயிற்றின் அளவைப் பற்றி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒருவர் எழுந்து, ‘ஐயா, சீக்கிரம் சாப்பிடச் சொல்றீங்க, எனக்குக் கடை மூடவே ஒன்பதாகுது’ என்றால், அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஜவுளிக் கடையில் நிற்கிற பெண்ணுக்கும், இரவு ஷிஃப்ட் பார்க்கிற தொழிலாளிக்கும், டாக்ஸி ஓட்டுகிறவருக்கும் ‘சீக்கிரம் சாப்பிடுங்கள்’ என்று சொல்வது சுலபம். அதற்கு நேரம் தருகிறவர் யார்? ஆனால் நேரத்தை மாற்ற முடியாதவர் அளவை மாற்றலாம். வயிறு விரிவதுதான் தூண்டுகோல் என்று பார்த்தோம் அல்லவா? ஆகவே முழுச் சாப்பாட்டை மதியத்துக்குக் கொண்டுபோங்கள். மாலை ஆறு, ஆறரைக்கு டீயோடு வடை தின்னும் அந்த நேரத்தில் சுண்டலோ இரண்டு இட்லியோ உள்ளே போகட்டும். வீடு திரும்பியபின் ஒரு கிண்ணம் கஞ்சியோ ஒரு தோசையோ போதும், கூடவே செம்புத் தண்ணீரை மடக்மடக்கென்று குடிக்க வேண்டாம். அரை மணி நேரமாவது உட்கார்ந்திருந்து, பிறகு சரிவாக, இடது பக்கம் படுங்கள். கடை முதலாளிகள் யாராவது இந்த அவையில் இருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை: மாலையில் ஊழியர்களுக்கு இருபது நிமிடம் உட்கார்ந்து சாப்பிட விட்டால் வியாபாரம் ஒன்றும் கெட்டுப்போகாது.

இன்னொருவர் கேட்பார்: இவ்வளவு சிரமம் எதற்கு, ஒரு மாத்திரை போட்டால் தீர்ந்ததே? மாத்திரையை நான் பழிக்கவில்லை. 1988-இல் அமிலச் சுரப்பை அடக்கும் ஒமெப்ரசோல் மாத்திரை வந்த பிறகு, உணவுக்குழாய்ப் புண்ணால் வாடிய எத்தனையோ பேர் நிம்மதியாகத் தூங்கினார்கள். அமெரிக்க இரைப்பை-குடல் மருத்துவர் கல்லூரியின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் எட்டு வாரம் அந்த மாத்திரையை, சாப்பாட்டுக்கு முன்பாக, எடுக்கச் சொல்கிறது. கூடவே எடையைக் குறைக்கவும், படுப்பதற்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம் சாப்பிடாமல் இருக்கவும், தலைமாட்டை உயர்த்தவும் சொல்கிறது. நாம் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். அதையும் எட்டு வாரம் என்று நிறுத்தாமல் எட்டு வருஷம் ஆக்கிவிட்டோம். மாத்திரை அமிலத்தைக் குறைக்கிறது. தசைவளையம் தளர்வதை நிறுத்துவதில்லை. கோபன்ஹேகனில் எந்த நோயும் இல்லாத 120 பேரை வைத்து 2009-இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களில் பாதிப்பேருக்கு எட்டு வாரம் இந்த வகை மாத்திரையைக் கொடுத்து நிறுத்தினார்கள். நிறுத்திய பின் 44 விழுக்காட்டினருக்கு நெஞ்செரிச்சல் போன்ற தொல்லைகள் வந்தன. போலி மாத்திரை எடுத்தவர்களில் 15 விழுக்காட்டினருக்கு மட்டுமே. அடக்கிவைத்த சுரப்பு திரும்பி எழுகிறது. ‘விட்டா வருது, அதனால விட முடியல’ என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் மருத்துவரிடம் கேட்டு மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். இதயத்துக்காக ஆஸ்பிரினோ, மூட்டுவலிக்காக வலி மாத்திரையோ தொடர்ந்து எடுப்பவர்களுக்கு வயிற்றைக் காக்கத்தான் அந்த மாத்திரையை எழுதியிருப்பார்கள். இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு அவர்கள் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

கடைசியாக, வீட்டு வைத்தியத்துக்கு இடமே இல்லாத சில நிலைமைகள் உண்டு. விழுங்கும் சோறு நெஞ்சில் அடைபட்டு நிற்கிறதா? காரணமில்லாமல் எடை இறங்குகிறதா? மலம் தார் போலக் கறுத்துப் போகிறதா? வாந்தியில் ரத்தமா? ரத்தசோகை என்று பரிசோதனையில் வந்திருக்கிறதா? கற்றாழைச் சாறும் வேண்டாம், கஷாயமும் வேண்டாம், எண்டோஸ்கோப்பி செய்து பார்க்கக் கூடிய மருத்துவமனைக்குப் போங்கள். இன்னும் ஒன்று. நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ நெஞ்சு அழுத்துகிறது, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிறது, உடம்பு வியர்த்துக் கொட்டுகிறது என்றால் அதை ‘கேஸ்’ என்று சொல்லிச் சோடாவை உடைத்துக் குடிக்க வைத்து நேரத்தைக் கடத்தாதீர்கள். அப்போது கூப்பிட வேண்டியது 108 ஆம்புலன்ஸை.